ஆளில்லை என்று எழுதிய வீடு

ஈரத்துணி சொட்டும், காய்ந்த துணி சொட்டாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் உடைமரத்து நிழலில் நின்று பத்து நிமிஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது மாடியில், மேற்கே கடைசி வீட்டின் பின்பக்கக் கொடியில் ஒரு பச்சைச் சேலை தொங்குகிறது, கட்டடத்து மூலைக்கு வெளியே அதன் ஓரம் மட்டும் இந்த மரத்தடியிலிருந்து தெரிகிறது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, மினுங்கி, விழுகிறது. எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, மறுபடி ஒரு சொட்டு. காலி செய்து போனவர்கள் விட்டுப்போன சேலையாக இருக்கலாம். ராத்திரி மழை பெய்ததா, இல்லை. பங்குனி மாசம் பகல் இரண்டு மணிக்கு எங்கிருந்து பனி வரும். மேல் தொட்டி ஒழுகுகிறதோ? தொட்டியை முந்தாநாளே கவிழ்த்தாயிற்று, கீழே குழாயை அறுக்கும்போது பக்கத்தில் நின்றவனே நான்தான். என் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் தாளில் எழுதியிருக்கிறது: இருபத்துநான்கு வீடுகளும் என்னால் நேரில் பார்வையிடப்பட்டு, ஆட்கள் எவரும் இல்லை என உறுதி செய்யப்பட்டு, பூட்டி முத்திரையிடப்பட்டன. கீழே என் பெயர், ஆறுமுகநயினார், உதவிப் பொறியாளர், நகராட்சி. நேரில் பார்வையிடப்பட்டு. அந்த வார்த்தைதான் பைக்குள் கிடந்து உறுத்துகிறது. நேற்றுக் காலை ஜீப்பின் முன்பக்கத் தகரத்தில் இருபத்துநாலு சீட்டுகளைப் பரப்பி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஆட்கள் அவற்றை மேலே கொண்டுபோய்ப் பூட்டுகளில் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றிவிட்டு இறங்கி வந்தார்கள். எல்லா வீடும் பூட்டித்தான் கிடக்கு சார் என்றார்கள். நான் ஏறவில்லை. முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

நாலு மணிக்கு இடிக்கத் தொடங்க வேண்டும். பொக்லைன் வந்து நிற்கிறது, நீளக் கையை மடக்கித் தரையில் ஊன்றி, தண்ணீர் குடிக்கக் குனிந்த மிருகம் மாதிரி. அதன் ஓட்டுநர் காசிராஜன் சங்கிலிச் சக்கரத்தின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறான். வந்ததும் அவன் கேட்ட ஒரே கேள்வி உள்ளே ஆள் உண்டா என்பதுதான். இல்லை என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த 'இல்லை'. இப்போது ஆணையருக்குப் போன் போட்டுச் சொல்லலாம். என்ன சொல்ல, சேலை சொட்டுகிறது என்றா? நீங்கதான பாத்தீங்க என்பார். ஆமா சார், பாத்தேன். பார்த்தது வேலாண்டியைத்தான். எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றாலும் நான் வேலாண்டியைத்தான் பார்க்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், பழைய உப்புக் கிட்டங்கி, உப்பு மூட்டை அடுக்கும் கூடம். நான் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், கொத்தனார் வேலாண்டி இரண்டு எட்டு பின்னால் வந்தார். நல்ல இடத்தில் தட்டினால் கணீர் என்னும், உள்ளே கம்பி துருவேறி ஊதியிருந்தால் சத்தம் பொள்ளலாக வரும். பொள்ளல் கேட்டு, இங்க நிக்காதீங்க வேலாண்டி என்று சொல்லத் திரும்பினேன். சொல்ல ஆரம்பித்ததுகூட ஞாபகம் இருக்கிறது, 'இங்க' வரைக்கும் சொன்னேன். மீதியைச் சொல்ல அங்கே ஆள் இல்லை, கான்கிரீட்டும் புழுதியும்தான். அன்றிலிருந்து நான் தெருவில் நின்றே கட்டடங்களை எழுதுகிறேன். கண்ணால் கண்டவரை என்று ஒரு வாசகம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் யாரும் கேட்பதில்லை. வீட்டில் படுத்தால் மின்விசிறி மாட்டிய கொக்கியைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். என் மனைவி உலகம்மாள் விளக்கை அணைத்துவிட்டு, என்னத்தப் பாக்கீங்க இருட்டுல என்பாள். மறுபடி ஒரு சொட்டு விழுகிறது. இந்தத் தடவை எண்ணாமலே தெரிகிறது, சேலை காய்ந்துகொண்டு வருகிறது. இன்னும் அரைமணி நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். நின்றுவிட்டால் பழைய சேலை என்று நானே என்னை நம்ப வைத்துவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது, கட்டடத்தைவிட.

ஏறுகிறேன். கையில் சுத்தியல் இருக்கிறது, வண்டியிலிருந்து எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. முதல் படி, இரண்டாவது படி. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே மாடிப்படியில் கிணற்றுக் குளிர்ச்சி. கைப்பிடிச் சுவரைத் தொடக்கூடாது, தொட்டால் மாவாக உதிரும். கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் போட்டுக் கட்டியது, துறைமுகத்து வேலைக்காரர்களுக்காக, நாற்பத்தி மூன்று வருஷத்துக்கு முன்னால். கம்பி உள்ளேயே உப்பைத் தின்று பருத்து, காரையைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. தூண்களில் துருக்கோடு இறங்கியிருப்பது எச்சில் வடிந்த மாதிரி இருக்கிறது. வளைவில் திரும்பும்போது சுவரில் ஒரு கண்ணாடிச் சில்லு. விரிசலுக்குக் குறுக்கே காரை வைத்து ஒட்டியது, பக்கத்தில் பெயிண்டில் ஒரு தேதி. என் கையெழுத்து. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் நோட்டீஸ் ஒட்டியபோது, நான்தான் ஒட்டினேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. யாரும் வந்து பார்க்கவில்லை. உடைந்திருக்கிறது, இரண்டு பாதிக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகும். அடுத்த சில்லும் உடைந்திருக்கிறது, அதற்கடுத்ததும். முதல் மாடி திரும்பும் இடத்தில் மட்டும் ஒன்று முழுசாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஏனோ மனசு லேசானது. குனிந்து தேதியைப் படித்தேன். அப்போது 'டிக்' என்றது. மெல்ல, நகம் வெட்டுகிற மாதிரி. என் மூக்குக்கு நேரே கண்ணாடியில் ஒரு கோடு விழுந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் உடையாமல் இருந்தது, நான் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்ததா. கூடாது, இப்படி யோசிக்கக் கூடாது. என் எடைதான், எழுபத்தெட்டு கிலோ, படியில் ஏறியதில் அசைந்திருக்கும். இது அதைவிட மோசமான யோசனை. படியில் எறும்புகள் சாரை சாரையாக வாயில் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு இறங்குகின்றன. எல்லாம் கீழ்நோக்கி. நான் ஒருவன்தான் மேலே போகிறேன்.

முதல் மாடி நடையில் எட்டுக் கதவுகள். எட்டுப் பூட்டு, எட்டுச் சீட்டு, எட்டுக் கையெழுத்து. அவ்வளவு கதவிலும் நானே தொங்குவதுபோல் இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். டொக், டொக், டொக். நின்றேன். மூச்சைப் பிடித்தேன். கட்டடம் வெயிலில் நீளும், நிழலில் சுருங்கும், அப்போது சத்தம் வரும், படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் சுருங்குகிற கட்டடம் மூன்று மூன்றாகத் தட்டாது. டொக், டொக், டொக். பிறகு ஒரு இடைவெளி. ஒரு ஆள் பதிலுக்குக் காத்திருக்கிற அளவு இடைவெளி. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. சுவரில் காதை வைத்தால் சுவரெல்லாம் தட்டுகிறது. வேலாண்டியின் மேல் கிடந்ததை எடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று. முதல் ஒரு மணி நேரம் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது என்று தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் கேட்டேனா? கேட்டிருந்தால் கேட்டேன் என்று சொல்லியிருப்பேனே. ஆறு வருஷமாக இந்தக் கேள்வியை இந்த இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடுவேன். இப்போது கால்கள் இறங்கத்தான் பார்த்தன. நிஜமாகவே ஒரு படி இறங்கினேன். இறங்கின படியில் எறும்பு கடித்தது, காலை உதறினேன், உதறின கால் மேல்படியில் போய் நின்றது. அப்படித்தான் நான் இரண்டாவது மாடிக்குப் போனேன், தைரியத்தினால் இல்லை.

இருபத்துநாலாம் எண் கதவு. நீல நிறம். பூட்டு பூட்டினபடி. சீட்டு கிழியவில்லை. அரக்கில் நகராட்சி முத்திரை பிசிறில்லாமல் பதிந்திருக்கிறது. கதவுக்கு அப்பால் இப்போது சத்தம் இல்லை. ஆனால் அது ஆள் இல்லாத வீட்டின் அமைதி இல்லை. அதில் ஒரு இழுத்துப் பிடித்த தன்மை இருந்தது. யார் உள்ளே என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நகராட்சியிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது வாயை மூடவைக்கிற வார்த்தை என்று தோன்றியது. கதவில் நெற்றியை வைத்து, யம்மா, சேலை சொட்டுது என்று மட்டும் சொன்னேன்.

கதவுக்கு மறுபுறம், என் நெற்றிக்கு வெகு பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"பின்பக்கம் தெரியாதுன்னு நெனச்சேன்."

உள்ளே யார் யார் என்று கேட்டேன். நானும் வீட்டுக்காரரும்தான் என்றாள். பெயர் பனிமயம். வீட்டுக்காரர் சூசை, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினவர், மூன்று வருஷமாகப் பக்கவாதம். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது, ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் சுவரில் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரியிடம், போகும்போது வெளியே பூட்டச் சொன்னது இவளேதானாம். அரிசி இருக்கிறது, மூன்று டிரம் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள், பத்து நாள் ஓட்டிவிடலாம். ஏழு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் எல்லாரையும் கிளப்பி முத்திரை வைத்தார்கள், பத்தே நாளில் அவரவர் முத்திரையைக் கிழித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நினைத்தாள். நேற்று ஆட்கள் வந்து அரக்கு ஊற்றியபோது அந்தச் சூட்டு வாடை கதவிடுக்கில் வந்தது, அவர் தட்டிவிடக் கூடாதே என்று அவர் கையைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாளாம். இதையெல்லாம் அவள் சாதாரணமாகச் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் நின்று சொல்வதுபோல. உங்களுக்கு வேறு குடியிருப்பு ஒதுக்கியிருக்கிறதே, ஏன் போகவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"நாலாவது மாடி போட்டிருக்கீங்க சார். லிப்ட் ஓடல. இவர எப்பிடி ஏத்த, ஒருநாள் ஆஸ்பத்திரின்னா எப்பிடி எறக்க? கீழ் வீடா மாத்திக் குடுங்கன்னு மனு எழுதி உங்க கைலதான குடுத்தேன். வாங்கி வச்சிக்கிட்டீங்கல்லா."

என் கையிலா? நான் முகத்தைத் தேடினேன். வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது மனு வரும், கையை நீட்டுவேன், தாள் கையில் விழும், கை அதை இடது பக்கத்து அடுக்கில் வைக்கும். கைக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. இந்தக் கைதான் இருபத்துநாலு சீட்டில் கையெழுத்துப் போட்டது, இதே கைதான் இப்போது சுத்தியலைப் பிடித்திருக்கிறது. நாலு மணிக்கு இடிக்கிறார்கள் யம்மா என்றேன். இன்னைக்கா என்றாள். ஆமா, இன்னைக்கு. கீழே பொக்லைன் வந்து நிற்கிறது, முன்பக்கத்தில், உங்களுக்குத் தெரியாது. சாவி பக்கத்து வீட்டுக்காரியோடு போய்விட்டது என்றாள். அப்போது அவள் குரலில் முதல்முறையாக ஒரு விரிசல்.

அரக்கை உடைத்தேன். பூட்டை அடிக்க வேண்டும். கதவு நிலை சுவரில் நிற்கிறது, சுவர் தூணில், தூண் எதில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, கடவுளுக்கும் தெரியுமோ என்னவோ. முதல் அடிக்கு நடையின் மேல்தளத்திலிருந்து பொடி உதிர்ந்து என் கழுத்துக்குள் போனது. இரண்டாவது அடிக்கு ஒரு உள்ளங்கை அளவு காரை விழுந்தது. மூன்றாவது அடிக்கு முன்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு எட்டு தள்ளி யாரும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்று தெரிந்த பிறகும் அந்த இடத்தைப் பார்த்து, இங்க நிக்காதீங்க என்று சொன்னேன், முழுசாக. பிறகு அடித்தேன். பூட்டு திறந்து தொங்கியது.

உள்ளே போனதும் அறை தாழ்ந்து இருப்பதுபோல் பட்டது. மேலே பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரு பழைய சேலையை நாலு மூலையிலும் ஆணியடித்து, மேல்தளத்துக்குக் கீழே கட்டியிருந்தாள். நடுவில் அது பெரிதாக, கனமாகத் தொங்கியது. உதிர்ந்த காரை எல்லாம் அதில் கிடந்தது, எத்தனை மாசத்துக் காரையோ. அதற்கு நேர் கீழே கட்டில். கட்டிலில் சூசை, முகத்துக்கு நாலடி உயரத்தில் அந்த மூட்டை. அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நான் மின்விசிறிக் கொக்கியைப் பார்க்கிறேனே, அதே பார்வை. எனக்கு அந்த மனிதரோடு எத்தனையோ வருஷப் பழக்கம் இருப்பதுபோல் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எறக்கித் தட்டிட்டு மறுபடி கட்டுவேன் என்றாள் பனிமயம். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, தலையில் வெள்ளையாகத் தூசி. இதற்குக் கீழே எப்படி இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் அறைக்குள் இருந்தாள், நான் தெருவில் இருந்தேன், இரண்டு பேருமே மேலே பார்க்காமல் இருக்க ஒரு துணி கட்டிக்கொண்டோம்.

முன்பக்கம் வந்து காசிராஜனைக் கூப்பிட்டேன். அவன் எழுந்து, மேலே என்னைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஓடிவந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் சூசையை வைத்து, சேலையால் மார்போடு கட்டி, நான் முன்னால், அவன் பின்னால். பனிமயம் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மெதுவா சார், மெதுவா என்று காசிராஜன் சொல்லிக்கொண்டே வந்தான், வேறு எதுவும் பேசவில்லை. படிகளில் நான் பின்னோக்கி இறங்கினேன். சூசையின் நல்ல கை என் தோள்பட்டையைப் பற்றியிருந்தது, ஒரு பாரத்தைச் சரியாக இறக்குகிறவனின் பிடி. முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் கைப்பிடிச் சுவரில் உரசியது. அதில் ஒரு முழ நீளம் சத்தமே இல்லாமல் கழன்று கீழே போனது, விழுந்த சத்தம் தாமதமாகத்தான் வந்தது, அதற்குள் நாங்கள் இரண்டு படி இறங்கியிருந்தோம். யாரும் நிற்கவில்லை. தெருவில் உடைமரத்தடிக்கு வந்து நாற்காலியை வைத்தபோது மணி மூன்றேகால்.

ஆணையருக்குப் போன் செய்து, இரண்டு பேர் இருந்தார்கள், இறக்கிவிட்டோம், ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும், கீழ்த்தள வீடு ஒன்று வேண்டும் என்றேன். வண்டி அனுப்புகிறேன் என்றார். வீட்டைப் பார்ப்போம் என்றார். சான்றிதழ்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே, இப்போது காலியாகிவிட்டதே, நாலு மணிக்கு ஆரம்பியுங்கள் என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டுப் பனிமயத்திடம், வேறு வீடுகளில் யாராவது இருக்கிறார்களா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். புருஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார். எங்க வீட்டையும் எல்லாரும் அப்படித்தான சொல்லியிருப்பாங்க."

ஆகவே மறுபடி உள்ளே போனேன். காசிராஜன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கீழ்த்தளம் எட்டு வீடு. அரக்கு, பூட்டு, அடி, உள்ளே. யாராவது இருக்கீங்களா. சமையலறை, கழிவறை, பரண். அடுப்பு இருந்த இடத்தில் கருப்பு வட்டம். ஆணியில் ஒரு ஜெபமாலை. முதல் மாடி, ஒன்பதாம் வீட்டில் கூப்பிட்டேன், மேலேயிருந்து ஒரு ஆண் குரல் அதையே திருப்பிக் கேட்டது, யாராவது இருக்கீங்களா என்று. விரிசல் வழியாக மேல்வீட்டுக்குப் போய்த் திரும்புகிற என் குரல்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் இருக்கேன் என்று பதில் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினாறாம் வீட்டில் தரை என் கால்கீழ் ஈரப் பலகைபோல் அமுங்கியது, சுவரோரமாக நடந்தேன். பத்தொன்பதில் பரண்மேல் சுருண்டு கிடந்தது ஒரு பாய், அதை இழுத்து விரித்துப் பார்த்த பிறகுதான் இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் முந்தின வீட்டைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்தேன். பதில் வராது என்று தெரிந்து கேட்பது ஒருவிதம், வந்தாலும் வரும் என்று கேட்பது வேறு. இரண்டாவதை நான் என் இருபத்தாறு வருஷச் சர்வீஸில் இப்போதுதான் செய்கிறேன். கடைசியாக மறுபடியும் இருபத்துநாலு. கட்டில், காரை மூட்டை, மூன்று டிரம். யாரும் இல்லை. அந்த மூட்டைக்குக் கீழே கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாது. பயம் வரட்டும் என்று காத்திருந்தேன். அது வந்துதான் இருந்தது, பக்கத்தில், அமைதியாக உட்கார்ந்திருந்தது.

இறங்கியபோது மணி ஐந்து ஆகப்போகிறது. போனில் ஆணையரின் ஏழு அழைப்புகள். பையிலிருந்து தாளை எடுத்தேன். ஓரத்தில் இடம் குறைவு, பொடி எழுத்தில் எழுதினேன்: நேற்று நான் மேலே ஏறவில்லை, பார்வையிட்டதாக எழுதியது பொய். இருபத்துநாலாம் வீட்டில் இருவர் இருந்தனர். இன்று எல்லா வீட்டையும் திறந்து பார்த்தேன், இப்போது எவரும் இல்லை. தேதியும் நேரமும் போட்டேன். காசிராஜன் எட்டிப் படித்துவிட்டு, இத எழுதித்தான் ஆவணுமா சார் என்று மெல்லக் கேட்டான். எழுதிட்டேன் என்றேன். படம் பிடித்து ஆணையருக்கு அனுப்பிவிட்டு, பொக்லைனை எடுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி வண்டி இன்னும் வரவில்லை. பனிமயம் நாற்காலியைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துவிட்டு, அவர் கண்ணில் தூசி படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். பொக்லைன் கிழக்கு மூலையில் முதல் அடி கொடுத்தது. சுவர் விழவில்லை. இரண்டாவது அடி, ஒரு ஜன்னல் போனது. மூன்றாவது அடிக்கும் அந்த மூலை நிமிர்ந்தே நின்றது. இருக்கலாமோ இன்னும் பத்து வருஷம் என்று ஒரு கணம் எனக்கே தோன்றிவிட்டது. காசிராஜன் நான்காவது அடிக்குக் கையைப் பின்னுக்கு இழுத்தான். அது இன்னும் எதையும் தொடவில்லை. அப்போது யாரும் தொடாத மேற்குப் பக்கம், மாடிப்படியோடு, எட்டு வீடுகளின் கதவுகளும் ஒன்றாகத் திறந்து மூடியதுபோல் ஒரு சத்தத்துடன், இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. ஆடவில்லை, சாயவில்லை. களைத்தவர் உட்காருகிறமாதிரி. புழுதி எங்கள்மேல் வந்து, மூடி, கடந்து போக வெகுநேரம் ஆயிற்று.

பனிமயம் இருமினாள். நீங்கள் கடைசியாக எந்த வீட்டிலிருந்து இறங்கினீர்கள் என்று கேட்டாள். அதோ அந்த வீடுதான் என்று கையை நீட்டினேன். கை காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வானம், அதன் அடியில், இந்தத் தெருவிலிருந்து இதுவரை யாருக்கும் தெரியாத கடல்.